பட்டினியைப் போல ஒரு சாப்பாடு

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி, நெம்பர் ஒன் டோல்கேட்டில் மேற்கே திரும்பினால் முசிறி, நாமக்கல் போகிற சாலை. கொஞ்ச தூரத்தில் திருவாசி வரும். தேவாரம் இந்த ஊரைத் திருப்பாச்சிலாச்சிராமம் என்கிறது. இங்கே மாற்றுரைவரதீசுவரர் கோயிலில் இருக்கும் நடராசருக்குக் காலடியில் வழக்கமான முயலகன் கிடையாது. பாம்பின் மேல் நின்று ஆடுகிறார். காரணம் கேட்டால் கொல்லி மழவனின் மகள் கதையைச் சொல்வார்கள்.

ஏழாம் நூற்றாண்டு. மழநாட்டுத் தலைவன் கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய். வலிப்பு நோயை அப்படித்தான் சொன்னார்கள். எந்த வைத்தியத்துக்கும் அடங்காமல் போகவே, தகப்பன் பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சந்நிதியில் கிடத்திவிட்டான். அந்த நேரம் பார்த்து ஞானசம்பந்தர் ஊருக்கு வருகிறார், பதிகம் பாடுகிறார், பெண் எழுந்து வருகிறாள். இதை விரிவாகச் சொல்வது பெரியபுராணம். அந்த நோயைத்தான் இறைவன் பாம்பாக்கிக் காலின்கீழ் போட்டுக்கொண்டான் என்பது கோயிலில் சொல்லும் ஐதீகம். இதே சாலையில் இன்னும் மேற்கே போனால் குணசீலம்; மனம் பேதலித்தவர்களைக் கூட்டிவந்து ஒரு மண்டலம் தங்கவைக்கிற பெருமாள் கோயில். மூளை சம்பந்தப்பட்ட துன்பங்களைச் சுமந்துகொண்டு சனங்கள் நெடுங்காலமாக நடந்த சாலை இது.

கதையில் என் கண் நிற்கிற இடம் பாட்டுக்கு முன்னால் இருக்கிறது. எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்து, எதுவும் கேட்காமல் போன பிறகுதான் தகப்பன் கோயிலுக்கு வருகிறான். இன்றும் நரம்பியல் மருத்துவத்தில் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு கூட்டம் அது: மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அந்தப் பெயர். வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த வகை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் க்வான், பிரோடி இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரில் முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம். மூன்றாவதில் ஒரே ஒரு சதவீதம். மாத்திரைப் பெட்டி பெரிதாகிக்கொண்டே போகும். வலிப்பு மட்டும் நிற்காது.

இப்படி மருந்துக்கு அடங்காத குழந்தைகளில் சிலருக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டில் இருப்பது நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய். கீட்டோஜெனிக் உணவு. சாதம் இல்லை, இட்லி இல்லை, வாழைப்பழம் இல்லை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இருக்கிற திருச்சி வட்டாரத்தில் ஒரு தாயிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். கொழுப்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பதை யார்தான் முதல் தடவையில் நம்புவார்கள்?

நம்பாமல் இருப்பதுதான் நல்லது. வலிப்பு விஷயத்தில் சந்தேகம் ரொம்ப அவசியம். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் விழுந்து துடித்தால், யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அதற்குள் துடிப்பு நிற்கும். இரும்பின் பெருமை இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். (செய்ய வேண்டியது வேறு: ஆளை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.) நோயே இப்படித்தான். ஒரு மாதம் கொட்டும், அடுத்த மாதம் அடங்கும். கொட்டுகிற மாதத்தில்தான் பெற்றோர் புது வைத்தியத்தைத் தேடிப் போவார்கள். அடங்குகிற மாதத்தில் அந்த வைத்தியத்துக்குப் பேர் கிடைக்கும். எனவே இந்த நெய் வைத்தியமும் அப்படிப்பட்ட சாவிக்கொத்தா, இல்லை உண்மையிலேயே மருந்தா என்று கேட்காமல் விட முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆரம்பம் பட்டினியில். வலிப்பு வந்தவரைப் பட்டினி போட்டால் குறைகிறது என்பது பழைய கவனிப்பு. 1911-ல் பாரிஸில் குவெல்பா, மாரி என்ற இரு மருத்துவர்கள் இதை எழுதிவைத்தார்கள். அமெரிக்காவில் பேட்டில் க்ரீக் என்னும் ஊரில் ஹியூ காங்க்லின் என்ற வைத்தியர் குழந்தைகளை மூன்று வாரம் வரைகூடத் தண்ணீரில் மட்டுமே வைத்திருந்தார். கெல்லாக் கம்பெனியின் கார்ன்ஃப்ளேக்ஸ் பிறந்த ஊரும் அதேதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. குடலில் ஊறும் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது, பட்டினி போட்டால் நஞ்சு தீர்ந்துவிடும் என்பது காங்க்லினின் விளக்கம். விளக்கம் தப்பு. ஆனால் கண்ணால் பார்த்தது தப்பில்லை.

அவரிடம் வைத்தியம் பார்த்த பிள்ளைகளில் ஒருவன் நியூயார்க் வக்கீல் சார்லஸ் ஹவ்லண்டின் மகன். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் ஹவ்லண்ட் அவருடைய உடன்பிறந்தவர். மகன் தேறியதைப் பார்த்த வக்கீல், பட்டினியில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி 5,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஜேம்ஸ் கேம்பிள் என்ற இளம் மருத்துவர் பட்டினி கிடந்த குழந்தைகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் உப்புகளை அளந்தார். வலிப்புக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் உடம்பின் நீர், உப்புக் கணக்கு பிடிபட்டது. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைக்கு இன்று ஏற்றுகிற டிரிப்பின் கணக்கில் அந்த வேலைக்குப் பங்கு உண்டு. ஆராய்ச்சிப் பணம் எங்கே போட்டால் எங்கே முளைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பட்டினியில் ஒரு சிக்கல்: எவ்வளவு நாள் கிடக்க முடியும்? சாப்பிட ஆரம்பித்ததும் வலிப்பு திரும்பியது. 1921-ல் ரோலின் வுட்யாட் ஒன்றைக் கவனித்து எழுதினார். பட்டினியில் இரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற பொருட்கள், மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிக அதிகமாகச் சாப்பிட்டாலும் சேர்கின்றன. அதே ஆண்டு மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் முடிச்சுப் போட்டார். பட்டினி எதற்கு? பட்டினி கிடப்பதாக உடம்பை நம்பவைத்தால் போதாதா? கீட்டோஜெனிக் உணவு என்ற பெயரும் அவர் வைத்ததுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடப்பது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு குறும்பான யோசனைகள் அதிகமில்லை.

உடம்பு எப்படி ஏமாறுகிறது? ஐந்து வயதுக் குழந்தையின் மூளை பெரும் தீனிக்காரன். உடம்பின் மொத்த எரிசக்தியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதற்கே போகிறது. வழக்கமாக அது கேட்பது சர்க்கரை, அதாவது குளுக்கோஸ். சோறு, இட்லி எல்லாம் கடைசியில் அதுவாகத்தான் மாறுகிறது. சாப்பாடு நின்றால் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீரும். கொழுப்பு நிறைய இருந்தாலும் மூளை அதை நேராக எரிக்காது. அப்போது கல்லீரல் கொழுப்பைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கீட்டோன்களாக இரத்தத்தில் விடுகிறது. காவிரியில் தண்ணீர் வராத வருஷம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நடவு நடப்பதைப் போல, மூளை அதே வேலையை வேறு ஊற்றிலிருந்து நடத்துகிறது. எவ்வளவு தூரம் நடத்தும் என்பதை 1967-ல் ஓவன், கேஹில் குழுவினர் அளந்தார்கள். ஐந்தாறு வாரம் பட்டினி இருக்கச் சம்மதித்த பருமனானவர்களின் மூளை, தன் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை கீட்டோன்களிலிருந்தே எடுத்துக்கொண்டது. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் துளி நீரோடு விரதம் இருந்து, துவாதசி காலையில் அகத்திக்கீரையோடு பாரணை செய்கிற பாட்டிக்கும் இரவிலேயே கீட்டோன் ஏற ஆரம்பித்திருக்கும். அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

இனி அடுக்களைக் கணக்குக்கு வருவோம். விஷயத்தின் கஷ்டமெல்லாம் அங்கேதான். கறாரான முறையில் விகிதம் நாலுக்கு ஒன்று. கொழுப்பு 4 கிராம் என்றால் புரதமும் மாவுச்சத்தும் இரண்டும் சேர்ந்து 1 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டும் 4 கலோரி. ஆக 40 கலோரியில் 36 கொழுப்பிலிருந்து வருகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரி என்று வைத்தால், 120 கிராம் கொழுப்பு. மீதம் இருப்பது 30 கிராம். வளர்கிற பிள்ளை, கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். அதற்கு 15 போனால் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 15 கிராம்.

ஒரு சின்ன இட்லியில் எட்டிலிருந்து பத்து கிராம் இருக்கிறது. நூறு கிராம் சாதத்தில் 28. ஒரு டம்ளர் பாலில் ஒன்பது, பத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்தால் ஒன்றரை நாள் கணக்கு முடிந்தது. இந்த 15 கிராமையும் இட்லியில் செலவழித்துவிட்டால் காய்கறிக்கு எதுவும் இருக்காது என்பதால் சுரைக்காய், வெள்ளரி, புடலை, கீரை என்று தேடித்தேடிச் சேர்க்க வேண்டும். முட்டை, மீன், கறி சாப்பிடுகிற வீடுகளில் ஓரளவு வழி இருக்கிறது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் முட்டையும் நுழையாத வீட்டில் என்றால் பனீர், க்ரீம், தேங்காய்ப்பால், பாதாம், நிலக்கடலை, மேலே நெய். எல்லாமே கிராம் தராசில் நிறுத்து. தட்டில் ஒட்டிய நெய்யையும் வழித்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த நெய்யும் மருந்தின் பகுதி.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஏழில் ஒரு பங்கு போல, எட்டும் பத்தும் கார்பன் கொண்ட குட்டையான கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. இவை நேராகக் கல்லீரலுக்குப் போய் வேகமாகக் கீட்டோன் ஆகும். இந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெயை வைத்து 1971-ல் ஹுட்டன்லாக்கர் ஒரு முறையை வகுத்தார். அதில் மாவுச்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது. வயிற்றுப்போக்குக்கும்தான்.

எதிரி அடுக்களைக்கு வெளியேயும் இருக்கிறான். காய்ச்சல் சிரப்பில் சர்க்கரை. வலிப்பு மருந்தே சிரப்பாக இருந்தால் அதிலும் சர்க்கரை. மாத்திரையாக மாற்ற வேண்டும். சில பற்பசையில் இனிப்பு. கோயிலில் அக்காரவடிசல். மார்கழி வந்தால் ஊரெல்லாம் பொங்கல். குழந்தைக்கு வாந்தி என்று அவசரப் பிரிவுக்கு ஓடினால், பழக்கத்தில் கை முதலில் தேடுவது குளுக்கோஸ் பாட்டிலை. இரத்தத்தில் சர்க்கரை அபாயமாகக் குறைந்திருந்தால் ஒழிய அது வேண்டாம் என்று மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தைப் பெற்றோர் எப்போதும் பையில் வைத்திருப்பது வழக்கம். எல்லாவற்றையும்விடக் கடினம் வீட்டுப் பெரியவர்கள். “பாவம்டி, ஒரு வாய் தச்சி மம்மு ஊட்டினா என்ன ஆயிடப் போறது?” என்று கேட்கிற பாட்டியிடம் அன்பைத் தவிர வேறு குற்றம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாய் சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு பாடு இருந்ததால்தான் இந்த முறை ஒருமுறை காணாமலே போனது. 1938-ல் மெரிட்டும் புட்னமும் ஃபெனிட்டாயின் மருந்தை நிறுவியதும், தராசைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் மாத்திரைக்குப் போனார்கள். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் அணையாமல் இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மில்லிசென்ட் கெல்லி என்ற உணவியல் நிபுணர் பழைய கணக்குகளைக் கைவிடவில்லை. 1993-ல் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆப்ரஹாம்ஸின் கைக்குழந்தை சார்லிக்கு எந்த மருந்தும் கேட்காமல், மூளை அறுவையும் பலிக்காமல், தகப்பனே நூலகத்தில் தேடி இதைக் கண்டுபிடித்து அங்கே கொண்டுபோனார். பிள்ளைக்கு வலிப்பு நின்றது. சினிமாக்காரர் சும்மா இருப்பாரா? 1997-ல் மெரில் ஸ்ட்ரீப்பை வைத்து ஒரு தொலைக்காட்சிப் படமே எடுத்துவிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது.

இருந்தாலும் ஒரு பிள்ளையின் கதை கதைதான். திருவாசிப் பெண்ணின் கதையை நம்புகிறவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. மருத்துவமனை நடத்துகிறவருக்குத் தேவை. அது 2008-ல் லண்டனிலிருந்து வந்தது. கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையைச் சேர்ந்த எலிசபெத் நீல், ஹெலன் கிராஸ் குழுவினர், குறைந்தது இரண்டு மருந்துக்குக் கட்டுப்படாத 145 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே உணவு. மறு பாதி மூன்று மாதம் காத்திருந்து பழைய மருந்திலேயே தொடர வேண்டும். மூன்று மாத முடிவில், உணவுக் குழுவில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. காத்திருந்தவர்களில் 6 சதவீதம். காத்திருந்த குழுவின் சராசரி வலிப்பு எண்ணிக்கை குறையவே இல்லை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. தானாக அடங்குவது எவ்வளவு, உணவால் அடங்குவது எவ்வளவு என்று முதல் தடவையாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. நெய் சாவிக்கொத்து இல்லை.

அதே சமயம், எல்லாப் பிள்ளைக்கும் மருந்து இல்லை என்பதும் அந்த எண்ணில் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள் ஐந்து பேர்தான்.

இந்தியாவில் மும்பை நரம்பியல் மருத்துவர் ஜனக் நாதன் 1990-களிலேயே நம் சமையலுக்கு ஏற்ப இதைத் திருத்தத் தொடங்கினார். 105 நோயாளிகளின் அனுபவத்தை 2009-ல் இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். டெல்லி எய்ம்ஸில் சேபாலி குலாட்டியின் குழு எடுத்துக்கொண்ட கேள்வி நம் ஊருக்கு இன்னும் முக்கியம்: தராசும் உணவியல் நிபுணரும் கிடைக்காத வீட்டில் என்ன செய்வது? நிறுப்பதைத் தளர்த்தி, மாவுச்சத்தை மட்டும் நாளைக்கு 10 கிராம் என்று கட்டிப்போடும் அட்கின்ஸ் முறைத் திருத்தத்தை 102 குழந்தைகளிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் உணவுக் குழுவில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மற்றக் குழுவில் 11.5. பிறகு 170 குழந்தைகளை வைத்து மூன்று முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. கறார் முறையில் இடைநிலைக் குறைவு 66 சதவீதம்; அட்கின்ஸ் திருத்தத்தில் 45; சர்க்கரையை மெதுவாக ஏற்றும் மாவுச்சத்தை மட்டும் அளவோடு அனுமதிக்கிற இன்னொரு முறையில் 54. பக்க விளைவு குறைவாக இருந்தது கடைசி முறையில். வேலைக்குப் போகிற தாய்க்கு இந்த 54 ஒரு பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது? இங்கே விஞ்ஞானிகளுக்குள் நல்ல சண்டை. வலிப்பு என்பது மூளை நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே தாளத்தில் சுடத் தொடங்குவது. கீட்டோன் எரிபொருளில் ஓடும் அணுக்கள் அவ்வளவு எளிதில் சூடாவதில்லை என்பது ஒரு கட்சி. அடக்கி வைக்கும் வேதிப்பொருளான காபா கூடுகிறது என்பது இன்னொன்று. தேங்காயில் இருக்கிற அந்தப் பத்துக் கார்பன் அமிலமே, நரம்பணுவைத் தூண்டும் ஏற்பி ஒன்றை நேராக அடைக்கிறது என்று 2016-ல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியானால் கீட்டோன் வெறும் கூட்டாளிதானா? 2018-ல் கலிபோர்னியாவில் எலேன் சியாவோ குழு குடல் பாக்டீரியாக்களைக் கொண்டுவந்தது: பாக்டீரியாவைக் கொன்றால் எலிகளுக்கு இந்த உணவு பலிக்கவில்லை, இரண்டு வகைகளைத் திருப்பி விட்டால் பலித்தது. குடலில்தான் சூட்சுமம் என்று காங்க்லின் சொன்னபோது சிரித்தவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியதாயிற்று.

ஒரு நோயில் மட்டும் சந்தேகமே இல்லை. 1991-ல் டாரில் டி விவோ இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. முதுகுத்தண்டு நீரில் மட்டும் மிகக் குறைவு. சர்க்கரையை மூளைக்குள் கடத்திச் செல்லும் புரதம் பழுது. எவ்வளவு சோறு போட்டாலும் மூளை பட்டினி. கீட்டோன்கள் வேறு வாசலில் நுழைவதால், இந்தக் குழந்தைகளுக்கு இந்த உணவுதான் முதல் சிகிச்சை. மாறாக, கொழுப்பை எரிக்கும் நொதிகளிலேயே பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு இதே உணவு உயிருக்கு ஆபத்து. அதனால்தான் தொடங்குமுன் இரத்தம், சிறுநீர்ச் சோதனைகள். யூடியூப் பார்த்து உடம்பு இளைக்கப் பேலியோவும் கீட்டோவும் இருக்கிறவர்கள், அதே பழக்கத்தில் வலிப்புக் குழந்தைக்கும் வீட்டிலேயே தொடங்கிவிடலாம் என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறது. இயற்கை உணவு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. மலச்சிக்கல், வாந்தி, இரத்தத்தில் அமிலம் ஏறுவது, சிறுநீரகக் கல், கொலஸ்டிரால், வளர்ச்சி மட்டுப்படுவது எல்லாம் உண்டு. கால்சியம், வைட்டமின்கள் தனியாகத் தர வேண்டும். சிறுநீரில் பட்டை தோய்த்து நிறம் கருஊதாவாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைப் பெற்றோர் தாமாக நிறுத்தவே கூடாது.

ஒருகாலத்தில் முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பட்டினி போட்டுத்தான் தொடங்குவார்கள். அது தேவையில்லை என்று பின்னால் தெரிந்தது. பட்டினியில் பிறந்த வைத்தியம் பட்டினியையே விட்டுவிட்டது. மூன்று மாதம் பார்த்தும் பலன் இல்லையென்றால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். பலன் இருந்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பிறகு விகிதத்தை நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று மாதக்கணக்கில் இறக்கி, சாதத்துக்குத் திரும்புவார்கள்.

வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் அதன் வேலையும் நிற்கும். இந்த உணவு அப்படி இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதனால் வலிப்பு முழுதாக நின்று, பின்பு உணவை நிறுத்திய குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2007-ல் எழுதினார்கள்: ஐந்தில் நான்கு பேருக்கு வலிப்பு திரும்பவில்லை. கீட்டோன்கள் போய்விட்டன, குடல் பாக்டீரியாக்களும் பழைய சாப்பாட்டுக்கு மாறியிருக்கும், பிள்ளை இட்லி சாப்பிடுகிறது. ஆனாலும் மூளை எதையோ கற்று வைத்துக்கொண்டிருக்கிறது. மரபணுக்களின் மேல் ஒட்டி அவற்றைத் திறக்கவும் மூடவும் செய்கிற வேதிக் குறிகளை இந்த இரண்டு ஆண்டு மாற்றி எழுதிவிடுகிறதோ என்று இப்போது ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.